தொட்டாச்சிணுங்கி ஸ்விட்ச்

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த மனிதருக்குச் 'சொந்தக்கை' என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கியவர் அவர். பிடுங்கியது பக்கத்துப் பல் என்று தெரிந்ததும், அசராமல் அதைத் திரும்ப நட்டுவிட்டுச் சரியான பல்லைப் பிடுங்கினார். நட்ட பல் இன்றைக்கும் மற்ற பற்களைவிட நன்றாகவே எலும்பு கடிக்கிறது.

ஆகவே வாஷிங் மெஷின் வந்தபோது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் பேச்சே எழவில்லை. மனைவியின் தம்பிக்கு அதுதான் தொழில் என்பது இன்னொரு காரணம். மச்சானைக் கூப்பிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

சமையலறையில் இடமில்லை. மெஷின் குளியலறைக்குள், ஷவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. படுக்கையறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையோடு இழுத்துவந்து, பெட்டியைத் துண்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டார். பெட்டியில் இரண்டு ஓட்டைதான். மெஷின் பிளக்கிலோ மூன்று கால். தடித்த மூன்றாவது காலை ரம்பத்தால் அறுத்துப் போட்டார்.

"மனுஷன் ரெண்டு கால்லதானே நடக்கிறான்?" என்றார்.

மெஷின் ஓடியது. ஆனால் ஈரக்கையோடு யார் தொட்டாலும் சுருக்கென்று விரலைக் கடிக்கும். அதே நொடியில் வீடு இருண்டுவிடும். மீட்டர் பக்கத்தில் இருந்த டிரிப் ஸ்விட்ச் விழுந்திருக்கும். அது விழுந்து விழுந்து, சுவர்ப் பல்லிகள் இரவு எது பகல் எது என்று குழம்பி வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டன.

"ஏங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே. தொட்டா சுர்ருங்குது."

"உனக்கு வாயு. அந்த ஸ்விட்ச் ஒரு தொட்டாச்சிணுங்கி. வயரிங் பண்ணவன் ஊரெல்லாம் தேடி ஒரு பயந்தாங்கொள்ளியைக் கொண்டாந்து மாட்டியிருக்கான்."

மறுநாள் காலை மெயினை அணைத்து, தொட்டாச்சிணுங்கியைக் கழற்றி எறிந்தார். வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றினார். விளக்கு எரிந்தது, மெஷின் பாடியது. செருப்புக் காலோடு தட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. வெற்றிக் களிப்பில் செருப்பை உதறிவிட்டு, நுரை தேங்கிய தரையில் நின்று, சோப்புத்தூள் போட மெஷின் தகட்டில் கை ஊன்றினார்.

கழுதை உதைத்ததுபோல் இருந்தது. எதிர்ச்சுவரில் மோதிச் சரிந்து உட்கார்ந்தார். வலது கை தோளில் தொங்கியது, ஆனால் அவருடையதாக இல்லை. இதே தகட்டில்தான் மனைவி தினமும் கை வைக்கிறாள் என்று நினைத்தார். வாயு என்று சொன்ன வாய் உலர்ந்து போனது.

"தாத்தா, வெளாடுறியா?"

குளியலறை வாசலில் மூன்று வயதுப் பேத்தி. வெறுங்கால். பகலெல்லாம் மகள் இங்கேதான் விட்டுவிட்டுப் போவாள். அந்தக் குழந்தை 'சாப்பிடாதே' என்றால்தான் சாப்பிடும், 'தூங்காதே' என்றால்தான் தூங்கும். அடம்பிடிக்கும் பிள்ளையை வழிக்குக் கொண்டுவர இப்படித் தலைகீழாகச் சொல்வதும் சொந்தக்கையின் சொந்தக் கண்டுபிடிப்பு. தெருவில் நாலு வீட்டார் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

குழந்தை தண்ணீரில் கால் வைத்தது. சுழலும் துணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டியது.

'தொடாதே' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினார்.

"தொடு கண்ணு," என்றார். "நல்லாத் தொடு. ரெண்டு கையாலயும்."

நீட்டிய கை நின்றது. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. "மாட்டேன்."

"தொடுடா தங்கம். தாத்தா கெஞ்சுறேன்ல."

"மாட்டேன் போ!"

இடது கையால் தரையைத் துழாவினார். வயர் வாசல் ஓரமாகக் கிடந்தது. விரல் நுனி எட்டவில்லை. உடம்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

சமையலறையில் இருந்த மனைவி காதில் எல்லாம் விழுந்திருந்தது. கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பாப்பா, தொடாதே!"

குழந்தையின் முகம் மலர்ந்தது.

வயர் கைக்குச் சிக்கியது. பலம் பூராவையும் கூட்டி ஒரே இழுப்பு. படுக்கையறைச் சுவரிலிருந்து பிளக், சாக்கெட்டோடு பெயர்ந்து வந்தது. பாட்டு அடங்கவும், இரண்டு உள்ளங்கைகள் சப்பென்று தகட்டில் விழவும் சரியாக இருந்தது.

"தொட்டுட்டேனே!" என்றது குழந்தை.

மச்சானுக்கு அவரே போன் போட்டார். வந்தவன் அறுத்த பிளக்கைப் பார்த்தான், முறுக்கிய வயரைப் பார்த்தான்.

"மாமா, மெஷினுக்குள்ள கரண்ட் கசியுது. அது எர்த் வழியா இறங்கிப் போகத்தான் அந்த மூணாவது கால். அதை அறுத்துட்டீங்க. அப்புறம் தொட்டவங்க உடம்பு வழியா இறங்குச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் ஸ்விட்ச் விழுந்துச்சு. இந்த வீட்ல ஒழுங்கா வேலை பார்த்தது அது ஒண்ணுதான். அதையும் சீட்டுக் கிழிச்சு அனுப்பிட்டீங்க."

"என்ன செய்யணுமோ செய் மாப்ள."

"முதல்ல மெஷின் இங்கேயிருந்து வெளிய வரணும். ஸ்விட்ச் புதுசு மாட்டி, எர்த் இழுத்து, நான் சோதிச்சுப் பார்க்கறவரைக்கும் யாரும் பிளக்கைச் சொருகக் கூடாது."

"சரி," என்றார்.

சாயங்காலம் மெஷின் கூடத்தில், வயர் சுருட்டப்பட்டு நின்றது. குழந்தை அதன் முன்னால் வந்து நின்று தாத்தாவைப் பார்த்தது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தொடாதே, கண்ணு."

தொட்டது. கெக்கெக்கென்று சிரித்தது.

அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இல்லம்மா. தொடாதேன்னா தொடக் கூடாது."

ஆட்டத்தின் நடுவில் சட்டத்தை மாற்றும் கள்ள ஆட்டக்காரனைப் பார்ப்பதுபோல் குழந்தை அவரைப் பார்த்தது. கையை உருவிக்கொண்டு மறுபடி தொட்டது. காலையிலிருந்து அவரோடு பேசாத மனைவி, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதே," என்றார் மறுபடியும்.