நீல ரப்பர் மூடி

நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் கட்டுவது என் வேலை. ஒரு பல் முடியளவு உயர்ந்துவிட்டாலும் அந்த ஆளால் வாயை மூட முடியாது. பதினேழு வருடத்தில் என் கையால் போன செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, தற்பெருமைதான்; ஆனால் கதைக்கு அது வேண்டும்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஐந்து வரை வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. வேறொரு ஊரில் என் நாத்தனாரும் அதே நேரத்துக்கு உட்காருவாள். மருந்துக்கடை வைத்திருக்கிறாள். என் கணவரைவிட ஒன்பது வயது சின்னவள். வீட்டில் எல்லோருக்கும் 'வாலு'. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இருவரும் ஒரே கப்பலை ஓட்டுவோம், ஒரே கோட்டையைப் பிடிப்போம். நடுநடுவே நான் அவள் அண்ணனைக் குறை சொல்வேன், அவளும் சேர்ந்துகொள்வாள். அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதை உறவுக்காரர்கள் யாரும் நம்பவில்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த விளையாட்டின் புதிய பாகம் வந்தபோதுதான் சிக்கல். என் கம்ப்யூட்டரில், திரைக்குப் படம் வரைந்து அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. மதர்போர்டோடு சேர்ந்து வந்ததை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். புதிய பாகத்தில் கப்பல் நகரவில்லை, விட்டு விட்டுத் தாவியது. கார்டு வாங்கிவிடுவது என்று இறங்கினேன்.

சொன்ன விலைக்கு எதையும் வாங்குகிற ஆள் இல்லை நான். ஒரு மாதம் பல் லேபின் மதிய இடைவேளை முழுக்க அதற்கே போனது. நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம் திரையில் ஓடும், அதற்கு என்ன விலை என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். புதியதில் மலிவானதற்கு மெமரி நாலு ஜிபிதான். இன்றைக்கு வாங்கிவிட்டு நாளைக்கு அழ வேண்டும். எட்டு ஜிபி உள்ளது என் பட்ஜெட்டுக்கு மேலே எங்கோ இருந்தது. நான்கு வருடப் பழைய மாடல் ஒன்று மட்டும் எட்டு ஜிபியோடு, என் பவர் சப்ளை தாங்குகிற அளவில், என் பெட்டிக்குள் அடங்குகிற நீளத்தில் இருந்தது. செகண்ட் ஹேண்டில் அதுதான் என்று முடிவு செய்தேன்.

"அண்ணி, அது என்கிட்டயே இருக்கு," என்றாள் வாலு. "நான் புதுசு வாங்கிட்டேன். சும்மா எடுத்துக்கோங்க."

"ஓசியா? வேணவே வேணாம். வெளியில என்ன விலையோ அதைத் தர்றேன்."

"சொந்தக்காரங்ககிட்ட வெளி விலையா? நல்லா இருக்கே கதை!"

பணத்தை அனுப்பினேன். தன் பழைய ஸ்வெட்டருக்குள் சுற்றி கார்டைப் பார்சல் செய்திருந்தாள். ஒயர் சொருகும் இடத்தில் தூசு போகாமல் நீல ரப்பர் மூடி வேறு. எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்து கார்டை மாட்டினேன். மேசைக்கு அடியில் தள்ளி, வழக்கம்போல் கையாலேயே தடவி ஒயர்களைச் சொருகினேன். கார்டின் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. விளையாட்டைத் திறந்தால் அதே தாவல். பதினாறு ஃப்ரேம். கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் போட்டேன், எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினேன். மூன்று நாள் போனது. பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் காசைத் தோண்டுவதற்காக இராப்பகலாக ஓட்டிச் சாறு பிழிந்த கார்டுகள் விற்பனைக்கு வருவதாகப் படித்திருந்தேன். அப்படியானால் ஒரு மாதம் ஆராய்ந்த நான் ஏமாந்திருக்கிறேன். அதுவும் வீட்டு ஆளிடம்.

'காயின் தோண்டித் தேஞ்சு போனதை என் தலையில கட்டிட்ட, இல்ல?' என்று மெசேஜ் அனுப்பினேன்.

அவள் ஏதோ டைப் செய்வது திரையில் தெரிந்தது. நிற்கும், மறுபடி தெரியும், மறுபடி நிற்கும். எனக்குப் பொறுமை ஏது? 'குடும்ப புத்தி எங்க போகும்' என்று இன்னொன்றையும் தட்டிவிட்டேன். டைப் செய்வது நின்றுவிட்டது.

ஒரு மணி நேரத்தில் பணம் முழுவதும் திரும்பி வந்தது. 'கார்டை அனுப்ப வேணாம் அண்ணி' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நாலு மாதம் பேச்சில்லை. கணவரிடம் சொன்னபோது, "அதே குடும்பம்தான் நானும்," என்று எழுந்து போய்விட்டார். எங்களோடு இருக்கும் மாமியார், "எத்தனை நாளைக்குன்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நான் துணி மடிக்க ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று வயதில் எனக்கிருந்த ஒரே தோழி அவள்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன சனிக்கிழமை சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். மேசையை இழுத்துப் போட்டேன். என் கம்ப்யூட்டரின் முதுகை அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தேன். மானிட்டர் ஒயர் மேலே, போர்டில், இத்தனை வருடமாகச் சொருகிய அதே இடத்தில் இருந்தது. கீழே கார்டில் நீல மூடி போட்டது போட்டபடி. நாலு மாதமும் கார்டு வேலையே இல்லாமல் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. திரைக்கு வந்த படமெல்லாம் பழைய வழியாகவே வந்திருக்கிறது.

மூடியைப் பிடுங்கி ஒயரை மாற்றினேன். கப்பல் வழுக்கிக்கொண்டு போனது. எண்பத்தொரு ஃப்ரேம். கையில் நீல மூடியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, ஷாக் அடிச்சிருச்சா?" என்றார் பெயிண்டர்.

"ஆமாங்க," என்றேன்.

உடனே வாலுவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க அண்ணி." கடையில் மருந்து கேட்டு வருகிறவர்களிடம் பேசும் குரல்.

"மானிட்டர் ஒயரைக் கார்டுல சொருகவே இல்ல. போர்டுலயே சொருகி வெச்சிருந்தேன். கார்டு நல்லா இருக்கு. தப்பு முழுக்க என்னோடது. நீ என்ன வேணா திட்டு."

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"அதைத்தான் டைப் பண்ணிட்டிருந்தேன். கேபிளை எங்க சொருகியிருக்கீங்கன்னு. நிறைய பேர் பண்ற தப்புதான். உங்களுக்குக் கோவம் வராத மாதிரி எப்படிக் கேக்கறதுன்னு அழிச்சு அழிச்சு எழுதினேன். அதுக்குள்ள அடுத்தது வந்துருச்சு."

அந்த 'அடுத்தது' என்னவென்று அவளும் சொல்லவில்லை. என் கையால் போனது ஒன்று முதல்முறையாகத் திரும்பி வந்திருந்தது.

"இப்பக் கேளேன்," என்றேன்.

"என்னத்தக் கேக்கறது?"

"அன்னைக்குக் கேக்க இருந்ததை."

கடையில் யாரோ எதையோ கேட்டார்கள். "ஒரு நிமிஷம் இருங்க," என்று அவரிடம் சொன்னாள். பிறகு மெதுவாக, "அண்ணி, கேபிளை எங்க சொருகியிருக்கீங்க?" என்றாள்.

"மேல," என்றேன். அழுகை வந்துவிட்டது. "மேலதான்டி சொருகியிருக்கேன்."

"கீழ மாத்திச் சொருகுங்க," என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது. "சரியாயிடும்."