முள் நகராத கார்

"நானூத்தி எழுபது கிலோமீட்டர்! இன்னும் ஓடுதுங்க!"

மனைவி சாவியை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தபோது சமையல்காரர் தேநீர்க் கோப்பையை வாயருகே அப்படியே நிறுத்தினார்.

அந்தச் சின்னக் காரைப் பழையதாக வாங்கிய நாளிலிருந்தே பெட்ரோல் முள் பாதியை விட்டு அசைந்ததில்லை. தொட்டி வழிந்தாலும் பாதி, வறண்டாலும் பாதி. மெக்கானிக் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளோ ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "இருபத்தெட்டு லிட்டர்னு புத்தகத்துல போட்டிருக்கான். எவ்ளோ தூரம் ஓடுதுன்னு நானே பார்த்துடறேன்" என்று தொட்டியை நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைச் சுழியில் வைத்து, வண்டி நின்றுபோனால் ஊற்ற ஒரு கேன் பெட்ரோலையும் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தாள்.

எல்லாம் மகளுக்காகத்தான். காட்டுக்கு அப்பால் அணை கட்டுமிடத்தில் அவளுக்கு வேலை. போய்வர முந்நூற்று அறுபது கிலோமீட்டர். வழியிலும் பங்க் இல்லை, அங்கேயும் இல்லை. தீப்பிடிக்கும் என்று சோதனைச் சாவடியில் கேனையும் விடமாட்டார்கள். ஆறு மாதமாக மகள் முகத்தைப் பார்க்கவில்லை. போனில் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்கிறாள், ஆனால் பெற்றவள் அந்தக் குரலை நம்பவில்லை.

சமையல்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் மனைவி தன்னந்தனியாக நிற்பதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் தினமும் காலையில் கார் துடைக்கிற சாக்கில் கேனிலிருந்து கொஞ்சம் தொட்டியில் சாய்த்துவிடுவார். விடுதிச் சமையலறையிலிருந்து திரும்பும்போது, தனியாக வாங்கிய இன்னொரு கேனில் பெட்ரோல் கொண்டுவந்து குறைந்ததை நிரப்பிவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

"மெக்கானிக்கைக் கேட்டேன். லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர் குடுத்தாலே பெருசு அக்கா, தொட்டிக்குள்ள கிணறு ஏதும் வெட்டியிருக்கீங்களான்னு சிரிக்கிறான்" என்றாள். அவளும் சிரித்தாள், ஆனால் புருவம் சுருங்கித்தான் இருந்தது. "எப்படின்னுதான் புரியல. போகட்டும், ஞாயித்துக்கிழமை நான் தனியாவே போய்ட்டு வந்துடறேன்."

காட்டுச் சாலை அவர் கண்முன் வந்து நின்றது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா ஊத்தினேன்."

அவள் கத்தப்போகிறாள் என்று காத்திருந்தார். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "தினமுமா? எவ்ளோ?"

"அளக்கல."

"ஒரு குத்துமதிப்பா?"

உப்பையே கண்ணளவில் போடுகிறவர் என்ன சொல்வார்? "நீ தூரமா போற அன்னிக்குக் கொஞ்சம் கூட. மழை வந்தா இன்னும் கூட. பயத்துக்குத் தக்க ஊத்தினேன்."

"அதை அளக்க எங்க லேப்ல மிஷின் கிடையாதுங்க" என்றாள். குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. காரின் பின்கதவைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுபடி தொட்டி வழிய நிரப்பி, மறுபடி சுழியிலிருந்து தொடங்கினாள்.

இந்த முறை மாலை நேரங்களில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றினார். முந்நூறு தாண்டியபின் இருவர் கண்ணும் கிலோமீட்டர் எண்ணிலேயே இருந்தது. வெயில் சாய்ந்த ஒரு மாலையில், வெளிவட்டச் சாலையில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், கார் இரண்டு முறை இருமியது. மூன்றாவது இருமலோடு நின்றுவிட்டது. முந்நூற்று ஐம்பத்தொன்பது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அவர் இறங்கிப் பின்னால் போனார். கேனை எடுக்கத்தான் என்று நினைத்து அவள் சாவியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் காரின் முதுகில் வைத்துக் காலை ஊன்றித் தள்ளினார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஸ்டியரிங்க நேரா பிடி. விடுதில லீவு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

கார் நகர்ந்தது. கிலோமீட்டர் எண்ணில் கடைசி ஒன்பது மெல்ல மேலேறி, அதற்குக் கீழே சுழியின் விளிம்பு எட்டிப் பார்த்தது.