சாரத்துத் தண்ணீரில் ஓர் ஆளின் சம்பளம்

காத்தவராயன், வயது இருபத்து நான்கு, புதுச்சேரியின் சாரம் பகுதியில் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் பம்ப் அறையில் தினக்கூலி. 1974 ஆனி மாதம் முதல் வாரத்திலிருந்து, அவன் மருந்து கலந்து விட்ட தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லோருக்கும் அவனுடைய சம்பளம் தெரிந்துபோனது. நாளொன்றுக்கு நாலரை ரூபாய், வந்த நாளுக்கு மட்டும். அந்த வாரம் அரிசி கிலோ இரண்டு ரூபாய் எண்பது காசு, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கத்திரிக்காய் மலிவு.

இது எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பிளீச்சிங் பவுடரைச் சிமெண்ட் தொட்டியில் கரைத்து, தெளிந்த நீரைக் கீழ்த்தொட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டு, மருந்து போதுமா என்று பார்த்துவிட்டு மோட்டாரைப் போட வேண்டும், அதுதான் வேலை. பார்ப்பதற்கென்று ஒரு சொட்டு மருந்து உண்டு. தண்ணீரில் விட்டால் இளமஞ்சளாக மாற வேண்டும். அந்தப் பாட்டில் சித்திரையிலேயே தீர்ந்துவிட்டது, எழுதிக் கேட்டும் அடுத்தது வரவில்லை. அதனால் மூத்த ஆபரேட்டர் ராஜாங்கம் அவனுக்கு நாக்கால் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். “ஒரு டம்ளர் மொண்டு ஒரு மொடக்கு குடி. வாடை லேசா மூக்குல ஏறுனா சரி. கண்ணுல தண்ணி வந்தா ஜாஸ்தி. மீதிய சாக்கடையில ஊத்திட்டு வா.” மீதியைச் சாக்கடையில் ஊற்றக் காத்தவராயனுக்குக் கை வரவில்லை. அவன் செஞ்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன். அவன் ஊரில் அரை டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டினால் முதுகில் அடி விழும். வாய் வைக்காமல் அண்ணாந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, மீதியைக் கீழ்த்தொட்டியிலேயே ஊற்றினான். அந்த நேரத்தில் அவன் மனசில் என்ன இருந்ததோ அதுவும் கூடவே போய்விட்டது. விடிகாலை ஐந்து மணிக்கு அவன் மனசில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

முதலில் வந்தவள் அவன் அறைக்குச் சொந்தக்காரியான செல்வாம்பாள். காலையில் ஒரு செம்பு தண்ணீர் குடித்தவள் நேராக அவன் கதவைத் தட்டினாள். “ஏம்பா, இந்த மாசம் வாடகைய அஞ்சு ரூவா ஏத்தலாம்னு இருந்தேன். இருவத்தஞ்சே குடு போ. உன் பொழப்பு நெஞ்சுல நிக்குது, இட்லி எறங்கல எனக்கு,” என்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, மாதா மாதம் அங்கிருந்து வரும் பென்ஷனில் சௌகரியமாக இருந்த ஒரு சொல்தா, அன்று மார்க்கெட்டில் ஒரு நண்டுக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசினார், கடைசியில் வாங்காமல் திரும்பினார். மளிகைக்காரர் ஜானகிராமனுக்குத் தராசைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்க்கிற பழக்கம் இருந்தது. காத்தவராயன் ஷிப்டில் மட்டும் விரல் மரத்துப்போய்ச் சாயாமல் நின்றது. ஒரு மாதத்தில் இது பழகிவிட்டது. அரிசி விலை தெரிய வேண்டும் என்றால் சாரத்தில் யாரும் கடைக்குப் போகவில்லை, குழாயடிக்குப் போனார்கள்.

1975 தை மாதம் அவனுக்குத் திண்டிவனத்துப் பக்கம் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். “மாப்ள, வேல பர்மனென்ட்டா?” காத்தவராயனின் தலை தானாக ஆடிவிட்டது. நிரந்தர வேலையில் இருந்த ராஜாங்கத்துக்குப் பஞ்சப்படியோடு முந்நூறுக்கு மேல் வந்தது. இவனுக்கு ஒருநாள்கூட விடாமல் வந்தாலும் நூற்று முப்பத்தைந்து, அதில் நாற்பது ஊருக்கு. பெண்ணைக் கொடுத்தது அந்தத் தலையாட்டலை நம்பித்தான். திரும்பி வந்து அவன் போட்ட முதல் ஷிப்டில் சாரம் முழுக்க அந்தத் தலையாட்டலைக் குடித்தது.

அந்த மாதமே கல்யாணமாகித் தனக்கொடி வந்து இறங்கிய நாளிலிருந்து அவன் அவளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. செல்வாம்பாள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றில் தினமும் நான்கு குடம் இறைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். ஊருக்கே தண்ணீர் விடுகிறவன் கிணற்றுத் தண்ணீர் சுமப்பானேன் என்று அவள் கேட்டதற்கு, மருந்து வாடை உடம்புக்கு ஆகாது என்றான். தெருக்காரர்கள் அவனுடைய பொய்யை மட்டுமல்ல, பயத்தையும் குடித்திருந்தார்கள். அதனால் யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை. எந்த வீட்டு வாசலில் தாகம் என்று நின்றாலும் அவளுக்கு மோர் வந்தது. மோர் இல்லாத வீட்டில் கோலி சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தார்கள். அந்த ஏழு மாதமும் சாரத்து ஆண்கள் ஒரு தப்பும் செய்யாமலேயே பெண்டாட்டி முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடி மாதம் வீராம்பட்டினத்துத் தேர் பார்த்துவிட்டு, வெயிலில் நடந்து வந்த தனக்கொடி தெருக்குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். செல்வாம்பாள் மோர்ச் சொம்போடு ஓடி வருவதற்குள் நாலு மிடறு உள்ளே போய்விட்டது. தனக்கொடி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் பம்ப் அறைக்கு நடந்தாள்.

“இன்னாய்யா, பர்மனென்ட்டா நீ?”

காத்தவராயன் வால்வுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இல்ல.”

“மத்தியானம் கேன்டீன்ல துன்றேன், துன்றேன்னியே. எங்க இருக்குது கேன்டீனு? எலிதான் ஓடுது இங்க.”

ராஜாங்கம் குறுக்கே வந்தார். “தங்கச்சி, பையன் பயந்தாங்கொள்ளி. மத்தபடி…”

“நீ சும்மா இருண்ணே, நீயும் இதுக்குக் கூட்டு. தெரு பூரா குடிச்சிருக்குது. நாயி குடிச்சிருக்குது. எனக்கு மட்டும் மோரு!”

“ஊருக்குப் போயிடுவியா?” என்று காத்தவராயன் கேட்டான்.  தனக்கொடி அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, கீழ்த்தொட்டியில் மொண்டு, ஒரு மிடறு குடித்து, மீதியை அதிலேயே வீசி ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அன்று அவனுக்கு இரண்டாவது ஷிப்டும் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கமான ஒரு மிடறைக் குடித்தபோது பதில் கிடைத்தது. போகமாட்டாள். மூன்று நாள் பேசவும் மாட்டாள். அவள் பேசாத அந்த மூன்று நாளும் சாரத்தில் எந்த வீட்டிலும் பெண்கள் பேசவில்லை.

நான்காம் நாளிலிருந்து தனக்கொடி பகல் சோறு கொண்டுவந்தாள். அவன் சாப்பிடுகிறவரை நின்று பார்த்து, தன் பங்குக்கு ஒரு மிடறு குடித்து மீதியை ஊற்றினாள். அவள் மனசில் பயம் இல்லை, கேள்விதான் இருந்தது. அதே மோட்டார், அதே மருந்து, அதே எட்டு மணி நேரம், அப்புறம் எதற்கு ஒருத்தருக்கு முந்நூறு, ஒருத்தருக்கு நூற்று முப்பத்தைந்து? தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் காபி போட்டாலும் அடங்காத கேள்வி அது. தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் கோப்பை வைத்திருந்த அதிகாரி சோடா மட்டும்தான் குடிப்பார் என்று ராஜாங்கம் கவலைப்பட்டார். “சோறு எதுலண்ணே வேகுது அவருக்கு?” என்றாள் தனக்கொடி. 1979 புரட்டாசியில் பன்னிரண்டு தினக்கூலி ஆட்களை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டென்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. நிரந்தரமான பிறகு தண்ணீர் சப்பென்று ஆகிவிடும் என்று சிலர் நினைத்தார்கள். அதற்குள் அரிசியும் ஏறி, வாடகை எழுபதாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்ததால் அப்படி ஆகவில்லை. சாரத்தில் புதுமணத் தம்பதிக்குப் பாலும் பழமும் கொடுப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு டம்ளர் குழாய்த் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் அந்த வருஷங்களில்தான் வந்தது. ஏன் என்று மணப்பெண்கள் கேட்பதில்லை.

இது 1986. மூன்றாவது ஷிப்டுக்குக் கன்னியப்பன் என்று ஒருவன் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. நாள் கூலி பன்னிரண்டு ரூபாய். வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில் அவன் வேலை நிரந்தரம் என்று எழுத இருந்தான். அன்று காலை அவன் குடித்து மீதியை ஊற்றிய தண்ணீரைக் குடித்த தனக்கொடி, வரி முடிவதற்குள் போய்ப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது அவன் பம்ப் அறையிலேயே சாக்கு விரித்துப் படுக்கிறான், சாரமே முதுகுவலியோடு எழுந்திருக்கிறது. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இந்தப் பக்கம் எண்பது ரூபாய்க்குள் ஓர் அறை காலியாக இருப்பது தெரிந்தால், பம்ப் அறையில் தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள்.