ஜி.எம். இருந்த தொட்டி

எங்கள் கூடத்தில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் இன்ஜினியராக இருந்த என் மைத்துனர், கணவரின் அண்ணா சக்ரபாணி, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி ஒட்டித் தன் கையாலேயே செய்தது. அவ்வளவு பெரிய தொட்டியில் ஒரே ஒரு மீன். ஜாக் டெம்ப்சி என்று பெயர். உள்ளங்கை அகலம், கரிய உடம்பில் நீலப் புள்ளிகள். நாங்கள் அதை ஜி.எம். என்றுதான் சொல்வோம். ஃபாக்டரியின் நிஜ ஜி.எம்., அதாவது ஜெனரல் மானேஜர், காதில் விழாதவரை சௌகரியமான பெயர்.

தனியாக இருந்ததற்குக் காரணம், கூட விட்டதையெல்லாம் அது தீர்த்துக்கட்டியதுதான். மைத்துனர் அழகைப் பார்த்து வாங்குவார். குட்டிக் கப்பி மீன்களைக் காலையில் விட்டால் மத்தியானம் இருக்காது. ஏஞ்சல் மீன் துடுப்பெல்லாம் கிழிந்து இரண்டு நாள் தள்ளாடிவிட்டுப் போய்ச்சேரும். அதுவும் பூஜை அலமாரிக்கு நேர் எதிரே. அவர் மனைவி, என் ஓர்ப்படி ஜலஜா மன்னி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு மீன் செத்துதோ, தொட்டி காலனி கிளப்புக்குப் போயிடும். யாரும் சமாதானம் பேச நக்கோ." ஹைதராபாத் வந்ததிலிருந்து மன்னி வாயில் 'வேண்டாம்' எல்லாம் 'நக்கோ'தான்.

மைத்துனர் தலையாட்டிவிட்டு ஆபீஸ் போனார். அவர் மறுபடி அழகைப் பார்த்து ஏதாவது வாங்கி வருவார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சமையலறை மன்னியின் ராஜ்ஜியம். கரண்டியை நகர்த்தினால்கூட "அது அங்க இல்லை, கல்பகம்" என்று குரல் வரும். மீனுக்குத் தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் யாருக்கும் வேண்டாத வேலை என்பதால் என்னிடம் வந்தன. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அந்தத் தொட்டி ஒன்றுதான் இருந்தது. லேசில் விடுவேனா?

"இந்தத் தடவை நான் பார்த்து வாங்கறேன்" என்று சொல்லி, என் கணவர் பத்ரியை செகந்தராபாத் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மீன்களின் அழகை வர்ணிக்க ஆரம்பித்தார். அழகு இருக்கட்டும், முதலில் தீனி போடுங்கள் என்றேன் எனக்குத் தெரிந்த ஹிந்தியில். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள். நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் அதைத்தான் பார்த்தேன். தீனி விழுந்ததும் மூலைக்கு ஓடியது வேண்டாம். வலியப் போய்க் கடித்தது வேண்டவே வேண்டாம். கறுப்புக் கோடு போட்ட ஜீப்ரா மீன் இரண்டு மட்டும், இடித்தவனைத் திருப்பி இடித்துவிட்டுத் தங்கள் பங்கைத் தின்றன. ஜி.எம். வாய்க்குள் நுழையாத உடம்பு.

"ரௌடி மாதிரின்னா இருக்கு?" என்றார் பத்ரி.

"பின்னே? உங்காத்துல சாது பிழைக்குமா?"

வீட்டில் அவற்றைத் தொட்டியில் விட்டதுதான் தாமதம், ஜி.எம். பாய்ந்து வந்தது. ஜீப்ராக்கள் திருப்பி முட்டின. பாவம், எவ்வளவு நேரம் முட்டும்? ஒதுங்க இடமில்லை. மன்னி இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வளையலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டேன். கல், உடைந்த பானை, செடி, எல்லாவற்றையும் பெயர்த்து இடம் மாற்றினேன்.

"என்னடி பண்றே?" என்றாள் மன்னி.

"கல்லு அதோடது, பானை அதோடது, நாலு மூலையும் அதோடது! புதுசா வந்தவா எங்க போய் நிப்பா? எல்லாத்தையும் கலைச்சாத்தான் சரிவரும்!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மன்னி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தொட்டிக்குள் ஜி.எம். தன் பானையைத் தேடி அலைந்தது. அதற்குள் ஜீப்ராக்கள் ஒரு கல்லடியைப் பிடித்துக்கொண்டன. கடைசியில் அது வேறொரு மூலையில் போய் நின்றது. அன்று சாயங்காலம் மூன்றும் தீனி தின்றன. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் சமையலறையில் கடமுடாவென்று சத்தம். பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். அலமாரி முழுக்கக் காலி. டப்பாக்கள் எல்லாம் தரையில். நடுவே புடவையைச் செருகிக்கொண்டு மன்னி.

"மீனுக்கு மட்டும்தான் கலைப்பியா? வா, எதை எங்க வைக்கலாம் சொல்லு."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மத்தியானம்வரை இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே அடுக்கினோம். ராத்திரி ரசத்துக்குத் தாளிக்க நெய்யைக் காயவைத்த மன்னி, பழைய இடத்தில் கையை நீட்டிவிட்டு விழித்தாள்.

"கடுகு எங்கடி?"

எனக்கும் தெரியவில்லை. நெய் புகைய, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தேடினோம்.