மோதிரம் விழுந்த கடல்: பிலிப்பைன் இலக்கிய வகைகளுக்கு ஓர் அறிமுகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவே இல்லை. கட்டுரைதான் எழுத உட்கார்ந்தேன்.

1957இல் ராமநாதபுரத்தில் எங்கள் இலக்கிய மன்றம் ஆண்டு மலர் ஒன்று போட்டது. ஆளுக்கொரு நாட்டின் இலக்கியம் என்று பங்கு பிரித்தார்கள். நல்ல நல்ல நாடுகளையெல்லாம் முந்தியவர்கள் அள்ளிக்கொண்டு போக, பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த எனக்குப் பிலிப்பைன் தீவுகள் மிஞ்சின. “மணிலாக் கொட்டை ஊருதானே, உரிச்சுத் தள்ளும்” என்றார் செயலாளர் சேதுராமன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

எழுதிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பிப் பெரியபட்டினத்து மீரா சாகிபைப் பிடித்தேன். கப்பலில் சமையல் வேலைக்குப் போய், மணிலாவில் இறங்கி, அங்கேயே சோற்றுக்கடை வைத்துப் பிழைத்தவர். தங்கச்சி சபியாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஊர் வந்திருந்தார். கேட்கக் கேட்க மனுஷர் கொட்டினார். நடுவில் தங்கச்சி கதையும் வந்து விழுந்தது. அதோடு என் கட்டுரை போச்சு.

2

சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். அடித்ததை மறைக்கவில்லை, நீங்களே பாருங்கள்.

‘பிலிப்பைன் இலக்கியம் வாய்மொழி, எழுத்து என இருவகைப்படும். வாய்மொழி இலக்கியமானது...’ (எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

‘தெற்குத் தீவுகளின் முஸ்லிம்கள் இரவு இரவாகக் காவியம் பாடுவார்கள். அதில் வீரன் தன் கேடயத்தின் மேல் ஏறி வானத்தில்...’ (அற்புதம்! ஆனால் இதில் ஆரம்பித்தால் மலர் முழுக்க எனக்கே வேண்டும்.)

சரி, சின்னதாகத் தொடங்குவோம். அங்கே விடுகதைக்குப் புக்தோங் என்று பெயர். அந்த வகையில் நான் ஒன்று கட்டினேன்: ‘இறங்கியவன் ஏறணும், ஏறியவன் இறங்கணும், நடுவிலே வாய் திறந்தால் போனான். அவன் யார்?’

விடை: சங்கு குளிக்கிறவன். நம் கதையில் அவன் பெயர் பாக்கர், சபியாவின் மாமா மகன்.

இன்னொரு வகை தனாகா. நாலே வரி. வரிக்கு ஏழு அசை, கடைசியில் ஒரே ஓசை. பாக்கரை அதில் அடைத்துப் பார்த்தேன். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணிக்கொள்ளுங்கள்:

சங்கு தேடிப் போனவன்
மூச்சை விற்று வாழ்பவன்
பேச்சு ரெண்டே கற்றவன்
பெண்ணைக் கண்டு நின்றவன்

எப்படி! சேதுராமன் இதை உரித்துப் பார்க்கட்டும்.

3

இனி சபியா. இவளை நாலு வரியில் அடைக்க முடியாது.

அத்தா இல்லாத பெண். காக்கா, அதாவது அண்ணன் மீரா சாகிபு, சொல்வதுதான் முடிவு. காக்காவோ தொண்டி ஜவுளிக்கடை சலாஹுதீனுக்கு முக்கால்வாசி வாக்குக் கொடுத்துவிட்டார். பாக்கரும் பெண் கேட்டிருந்தான். அதாவது, அவன் உம்மா வந்து கேட்டாள், அவன் வாசலில் நின்றான். சபியாவுக்கு இருவர் முகமும் தெரியும், இருவர் குரலும் தெரியாது. அதுதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

“கூட வாழப் போற மனுசன் பேச்ச ஒரு தடவையாச்சும் நான் கேக்க வேணாமா காக்கா?”

“கேட்டு என்ன செய்யப் போற? நிக்காஹ் ஆனா நாள் பூரா கேக்கப் போறே” என்றார் அவர்.

வாயை மூடத் தெரியாத மனுஷர் பேச்சை மாற்ற மணிலாக் கதைக்குத் தாவினார். மொரோ-மொரோ என்று ஒரு நாடகம்; கிறிஸ்தவ ராஜாவுக்கும் முஸ்லிம் ராஜாவுக்கும் கத்திச் சண்டை, மேடை அதிரும். கடைசியில் முஸ்லிம் தோற்றே ஆக வேண்டும், அது சட்டம். “அடுத்த வருசமாச்சும் நம்ம ஆளு செயிப்பானான்னு வருசா வருசம் போய்ப் பாத்தேன். ம்ஹும்!”

சபியா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த உற்சாகத்தில் அவர் இன்னொன்றையும் உளறினார். கரகாத்தான். அந்த ஊர் பாஷையில் நடுக்கடல் என்று அர்த்தம். ஒரு ராஜகுமாரியின் மோதிரம் கடலில் விழுந்துவிட்டது என்று பாவனை. பையன்கள் வட்டமாக உட்காருவார்கள். வெள்ளைக்கோடு போட்ட தேங்காய்ச் சிரட்டையை நடுவில் சுற்றுவார்கள். கோடு யார் பக்கம் நிற்கிறதோ அவனிடம் பெண் கேள்வி கேட்பாள், அவன் பாட்டாலே பதில் சொல்ல வேண்டும். நல்ல பதில் சொன்னவன் மோதிரத்தை மீட்டவன்.

சபியா சிரிப்பை நிறுத்தினாள்.

“அப்ப அதையே நம்ம வீட்ல வைங்க காக்கா. செயிக்கிறவுகளுக்குச் சரிங்கறேன். இல்லேன்னா யாருக்கும் சரிங்க மாட்டேன்.”

[இங்கே ஒரு குறிப்பு. அந்த ஊரில் இதை எந்த வீட்டில் விளையாடுவார்கள் என்பதை மீரா சாகிபு சொல்லவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.]

4

வேறு வழியில்லாமல் மீரா சாகிபு சம்மதிக்க, சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து மாப்பிள்ளைகள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே கச்சான், அதாவது மேல்காற்று, புழுதியை வாரி இறைத்தது. கச்சான் அடிக்கிற மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும், சங்கு குளிக்கிறவர்கள் யாரும் இறங்க மாட்டார்கள். ஒரு பக்கம் சலாஹுதீன், அத்தர் வாசனையோடு. எதிரே பாக்கர், கைகளை மடியில் ஒளித்துக்கொண்டு. திரைக்குப் பின்னால் சபியாவும் அவள் உம்மாவும். மோதிரம் சபியாவின் விரலில்தான் இருந்தது.

சிரட்டை சுற்றியது. கோடு சலாஹுதீன் பக்கம்.

“என் மோதிரம் கடல்ல விழுந்துருச்சு. என்ன செய்வீக?” என்றாள் சபியா.

மனுஷன் தொண்டையைச் செருமினான்.

“மோதிரம் போனால் போகட்டும் மானே
முழுநிலா ஒன்று வாங்கித் தருவேன் நானே!”

“மாஷா அல்லாஹ்!” என்று தொடையைத் தட்டினார் மீரா சாகிபு. மணிலாச் சட்டப்படி இது சரியான பதில், கட்டுரையாளன் என்ற முறையில் நானும் ஒப்புக்கொள்கிறேன். சபியாவுக்கு மட்டும் சப்பென்று போய்விட்டது. இந்தக் குரலை ஆயுசு முழுக்கவா கேட்பது?

மறுபடி சிரட்டை. கோடு பாக்கர் பக்கம். அதே கேள்வி.

பாக்கர் நிமிர்ந்தான்.

“எங்கன விழுந்துச்சு?”

சபியா திகைத்துப் போய், வாயில் வந்ததைச் சொன்னாள். “தோணித்துறை... கல்லுக்கட்டு முனையில.”

“மணலா, பாறையா? எத்தன பாகம் ஆழம்?”

“தெரியலையே.”

“சரி, வாரேன்.”

எழுந்து போயே போய்விட்டான்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம், உங்களுக்கும் இருக்கும். இது விளையாட்டு என்று அவனுக்குத் தெரியாதா? ‘பாக்கர் வெகுளி, ஆகவே...’ என்று எழுதி அடித்தேன். ‘பாக்கர் பெரிய சூட்சுமக்காரன், அவன் கவிதையே அதுதான்...’ என்று எழுதி அதையும் அடித்தேன். இந்தக் கரையில் ஒரு சாமான் கடலில் விழுந்தது என்றால் எத்தனை பாகம் ஆழம் என்றுதான் கேட்பார்கள். வேறு கேள்வி கிடையாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சலாஹுதீன் விழுந்து புரண்டு சிரித்தான். “மோதிரம் வெரல்ல கெடக்கு, பாவம், கிறுக்கன் கடலுக்குப் போறான்!”

அதற்குள் வாசலில் ஒரு குரல்: பாக்கர் இந்தக் கச்சானில் தண்ணியில பாஞ்சுட்டான்! வீடே துறைக்கு ஓடியது. சபியா துப்பட்டியை இழுத்துப் போர்த்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

“ஏலே, அந்த ஊருல இத எந்த வீட்லலே வெளையாடுவாக?” ஓட்டத்திலேயே மகனைப் பிடித்துக்கொண்டாள் உம்மா.

மீரா சாகிபு எச்சில் விழுங்கினார். “மௌத்தான வீட்ல உம்மா... துக்கத்துல இருக்கவுக ராத்திரி கண்ணசராம இருக்க...”

“அடப் பாவி! நிக்காஹ் பேசுற வீட்ல மௌத்து வீட்டு வெளையாட்டா!”

சபியா காதில் அது விழுந்தது. கல்லுக்கட்டின் முனையில் நின்றாள். கீழே தண்ணீர் சேறாகக் கொதித்தது. அவிழ்த்துப் போட்ட சட்டை கல்லில் கிடந்தது, ஆளைக் காணோம். வாயில் வந்த இடத்தைச் சொல்லி ஒரு மனுஷனை இறக்கிவிட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் சலாஹுதீன் இன்னும் சிரித்துக்கொண்டே ஊருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பாக்கர் வெறுங்கையோடு மேலே வந்தால், ஆயுசு முழுக்க அவனுக்குக் கிறுக்கன் என்ற பெயர்தான்.

சபியா மோதிரத்தைக் கழற்றினாள். வீசினாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்த மூச்சில் பாக்கர் தலை தெரிந்தது. கண் சிவந்து, தோளில் கல் கீறி, கல்லுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரைத்தான். அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டான்.

“காணோம்.”

அத்தனை ஆண்களும் நிற்கிற துறையில், திரை இல்லாமல், சபியா வாய்விட்டுக் கத்தினாள்:

“இப்பத்தான் மச்சான் போட்டேன்! போங்க!”

பாக்கர் அவளைப் பார்த்தான். வெறும் விரலைப் பார்த்தான். சிரித்தான். அவன் சிரித்து அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான்.

6

முடிவுக்கு அங்கே வகைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். கொரிதோ என்பது எட்டசை வரிகளில் ராஜா ராணிக் கதை. அதில் எழுதினால் பேசும் பறவை ஒன்று மோதிரத்தைக் கொண்டுவந்துவிடும். சர்சுவேலா பாட்டு நாடகம். அதில் உம்மா, சலாஹுதீன், தோணிக்காரர்கள் எல்லாரும் கைகோத்துப் பாடினால்தான் திரை விழும். மொரோ-மொரோவில் எழுதினால் பாக்கர் தோற்றே ஆக வேண்டும், அதற்கு என் பேனா மறுக்கிறது. மீரா சாகிபிடம் கேட்டேன். நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். வேண்டாம் பாய் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஏனென்றால் கரகாத்தானில் பதில் சொல்ல வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறவர். இப்போது எதிரே இருப்பது நீங்கள். முனையில் சபியா வெறும் விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பாக்கர் அடியில் மணலைத் துழாவிக்கொண்டிருக்கிறான். நான் பேனாவை மூடிவிட்டேன்.

யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான்.

சீக்கிரம்!