சிவப்புக் கை இறங்காத ஞாயிறு

"இந்தக் கையைப் பாரு. இந்த ஒத்தக் கையை வெச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அமெரிக்கா மொத்தத்தையும் நிறுத்தி வெச்சேன். கலிஃபோர்னியாவுல கடல் அலைகூடக் கரைக்கு வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னுச்சு."

டெல்பர்ட் ஹூக்ஸ்ட்ரா உயர்த்திக் காட்டிய அந்த வலது கையில் பாதி கடித்த, பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவிய இனிப்பு ரோல் ஒன்று இருந்தது. அதனால் பேச்சின் கம்பீரம் கொஞ்சம் குறைந்ததே தவிர, முகத்தின் பூரிப்பு ஒரு துளியும் குறையவில்லை. எழுபத்தாறு வயதில் அப்படியொரு சந்தோஷமான முகம் அயோவாவில் வேறு எவருக்கும் கிடையாது. மூடிய வானத்தில் விமானம் ஓட்டுகிறவர்கள் அந்த முகத்தை அடையாளம் வைத்துத்தான் எங்கள் மாவட்டத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

ஆர்லிஸின் கடையில் காபியைவிட அதிகம் ஊற்றப்பட்டது இந்தக் கதைதான். பத்தொன்பது வருஷமாக டெல்பர்ட் ஊற்றிக்கொண்டிருக்கிறார். முதலில் பத்து நிமிஷம் நிறுத்தினார், பிறகு இருபது, இந்த மார்ச்சில் நாற்பது. நம்புவதற்கு யாரும் மெனக்கெட்டதில்லை. நம்பாமல் இருப்பதற்கு மெனக்கெட்டவரும் ஒரே ஒருவர்தான்: டெல்பர்ட் மனைவியின் அண்ணன், மெர்ல் வான்ஸீ. குளிர்காலமெல்லாம் தன் வண்டிக்கு முன்னால் பெரிய இரும்புத் தகட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் பனி தள்ளியவர். இப்போது முழங்கால் வலியையும் மைத்துனர் கதையையும் தவிர தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாதவர்.

அன்று காலை டெல்பர்ட் குரலை வழக்கத்தைவிட உயர்த்தியதற்குக் காரணம் இருந்தது. கல்லா ஓரத்து முக்காலியில் டேரியன் பூக்கர் உட்கார்ந்திருந்தான். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளனாக முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அதே அணியின் நட்சத்திரம். அந்த ஞாயிற்றுக்கிழமை நடு மைதானத்தில் இருந்தவன். ஆட்டம் முடிந்த அந்த வசந்தத்திலேயே ஊரைவிட்டுப் போனவனை டெல்பர்ட் இத்தனை காலம் மழைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்.

மெர்லும் கணக்குப் போட்டுவிட்டார். "சரி மாப்ள. சாட்சி வந்தாச்சு. தம்பி ஆமான்னா நான் ஒத்துக்கறேன். இல்லன்னு சொன்னா, இந்தக் கடையில இனிமே இந்தக் கதையை நீ எடுக்கவே கூடாது. சாகற வரைக்கும்."

டெல்பர்ட்டின் கை ரோலோடு அந்தரத்தில் நின்றது. மனிதருக்கு வீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் சொத்து என்று அவர் நினைப்பது இந்த ஒரு கதையைத்தான். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "சரி மச்சான்" என்றார். பிறகு டேரியன் பக்கம் திரும்பி, தலைமுதல் கடைசிவரை சொன்னார்.

அந்தக் காலத்தில் எங்கள் லீக் எட்டே கல்லூரிகள் சேர்ந்த நோஞ்சான் லீக். அதில் ஜெயிக்கிறவன் மார்ச் மாதத்தில் நாட்டின் கல்லூரிகளுக்கெல்லாம் நடக்கும் பெரிய போட்டிக்குள் நுழைவான். அங்கே ஒரு ஆட்டம் ஆடினால் போதும். ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கினாலும் தொலைக்காட்சிப் பணத்திலிருந்து லீக்குக்கு ஆறு வருஷம் பங்கு வந்துகொண்டே இருக்கும். தோற்றதற்குச் சம்பளம் கொடுக்கும் தொழில் உலகில் வேறு எது? அந்த வருஷம் அதற்கு மேலும் ஒரு அதிர்ஷ்டம்: எங்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தையே நாடு முழுக்கக் காட்ட ஒரு சேனல் உரிமை வாங்கியிருந்தது. ஆட்டம் எங்கள் கல்லூரி அரங்கில்.

உரிமை விற்றாயிற்றென்றால் ஆட்டம் நம்முடையது இல்லை. நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை விளம்பரத்துக்காக நிற்கும். எப்போது நிற்கிறது, எப்போது தொடங்குகிறது என்று நடுவருக்குக் காட்ட மைதான ஓரத்தில் ஒரு ஆள் வேண்டும். முழங்கை வரை சிவப்புக் கையுறை, காதில் ஹெட்போன். வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டியிலிருந்து குரல் வரும். குரல் 'பிடி' என்றால் கை மேலே. 'விடு' என்றால் கை கீழே. கை மேலே இருக்கும்வரை நடுவர் பந்தைத் தொடமாட்டார். பள்ளியில் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியாரைவிட இதற்குப் பொருத்தமான ஆள் உண்டா? வாழ்க்கை முழுக்க டெல்பர்ட் கை காட்டி நிறுத்தியவர்தானே. கூலி, ஒரு வேளைச் சாப்பாட்டுச் சீட்டு.

ஆட்டத்துக்கு முன்னால் லீக் அலுவலகத்து ஆள் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, விளம்பரம் ஓடும்போது இங்கே பந்து ஆடிவிட்டால் ஒப்பந்தம் போச்சு என்றார். ஒப்பந்தம் போனால் உங்கள் கல்லூரியில் அணியே இருக்காது, நிர்வாகம் ஏற்கெனவே கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். டெல்பர்ட் தன் வலது கையைப் பார்த்தார். அது அன்றுவரை அவ்வளவு பெரிய வேலை பார்த்ததில்லை.

வெளியே பனி. சாதாரணப் பனியா? டெல்பர்ட் சொல்கிறபடி, ஒவ்வொரு துளியும் ஒரு தலையணை. உள்ளே கடைசி விளம்பர இடைவேளை வந்தபோது கடிகாரம், ஆட்டம் முடிய இன்னும் மூன்று நிமிஷம் நாற்பத்தோரு விநாடி என்று காட்டி நின்றது. எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. டேரியனை எதிரணிக்காரன் தள்ளிவிட்டதால் யாரும் மறிக்காமல் வளையத்துக்குள் எறிய இரண்டு தனி வீச்சு அவனுக்கு. ஆனால் அவன் கீழே கிடந்தான். கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிவிட்டது. அவனால் எழ முடியாவிட்டால் அவனுக்குப் பதில் யார் வீசுவது என்று எதிரணிப் பயிற்சியாளர்தான் கைகாட்டுவார். எங்கள் அணியில் வைக்கோல் போரைக்கூடக் குறி தவறவிடும் ஒருவன் இருந்தான். அவர் கண் ஏற்கெனவே அவன்மேல்.

காதில் கோனியின் குரல் வந்தது. ஒளிபரப்பு வண்டியிலிருந்து பேசுகிற பெண். "பிடி, டெல்பர்ட்." கை மேலே போனது.

பிறகு குரல் வரவில்லை.

இரண்டரை நிமிஷத்தில் வரவேண்டியது, மூன்றிலும் வரவில்லை. காதுக்குள் பனி விழுகிற சத்தம் மட்டும். எதிரணிப் பயிற்சியாளர் வந்து முகத்துக்கு முன்னால் நின்று கத்தினார். கூட்டம் கையை இறக்கச் சொல்லி ஊளையிட்டது. நடுவர் புருவத்தை உயர்த்தினார். எல்லாருக்கும் டெல்பர்ட் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "சொல்லு வரல."

யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. மூவாயிரம் பேர் இருக்கிறார்கள், பந்து இருக்கிறது, வளையம் இருக்கிறது, பத்துப் பேர் ஆடத் தயார். ஆனாலும் யாரோ எங்கேயோ சோப்பு விற்று முடிக்கும்வரை ஒன்றும் நடக்க முடியாது. கத்திக் கத்தி அலுத்த கூட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. அப்போதுதான் அது தொடங்கியது.

உயரமான ஜன்னல்களின் வழியே பனி வெளிச்சம் இறங்கி அரங்கம் முழுவதையும் பால் நிறமாக்கியது. வாத்தியக் குழு, எவர் சொல்லியும் அல்ல, ஏதோ ஒரு தாலாட்டைத் தூக்கத்தில் வாசிப்பதுபோல வாசித்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மைதானத்திலேயே உட்கார்ந்தார்கள், பிறகு படுத்தார்கள், எந்த அணி எந்த இடம் என்ற கணக்கே இல்லாமல். டேரியனைத் தள்ளிவிட்ட அதே எதிரணி நெட்டையன், பெரிய வெளுத்த கைகளோடு, அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து மாவு பிசைவதுபோலப் பிசைந்தான். எங்கள் அணியின் சின்னமான நீர்நாய் வேஷம் போட்டவனும் அவர்களுடைய காட்டெருமை வேஷக்காரனும் பொம்மைத் தலைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ரோலைப் பிய்த்துத் தின்றார்கள். அயோவாவிலேயே கறாரான நடுவர் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, பந்தை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தார். சோளப்பொரியின் வாசனை மேகமாகக் கிளம்பி, கூரைக்குக் கீழே போய்த் தங்கிக்கொண்டது.

டெல்பர்ட்டுக்குக் கை வலிக்கவில்லை. முதலில் எரிந்தது, பிறகு மரத்தது, அதற்குப் பிறகு அது அவருடைய கையாகவே இல்லை. அரங்கத்தில் முளைத்த ஒரு சிவப்பு மரம். அதன் உச்சியில் அவருக்கு நாடு முழுக்கத் தெரிந்தது என்கிறார். நெவாடாவில் ஒருவன் குளிர்பெட்டியைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று அந்த வெளிச்சத்தில் நிற்கிறான். ஜார்ஜியாவில் ஒருத்தி நாயை வெளியே விட்டுவிட்டு அதோடு தானும் போய்விடுகிறாள். மேய்ன் கரையில் ஒரு மகன் வெகுநாள் கழித்து அம்மாவுக்குப் போன் போடுகிறான். எல்லாரும் இந்தக் கை இறங்குவதற்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கிறோம் என்று தெரியாமலே, நன்றாக இருக்கிறார்கள். இறக்கிவிட்டால் அவ்வளவும் கலைந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அணியும் போய்விடும். இறக்கவில்லை.

கடைசியில் அரங்கத்தின் பெரிய கதவு திறந்தது. கோனி வந்தாள். தலைமுதல் கால்வரை பனி, இமையில்கூட. படுத்திருந்தவர்களை மிதிக்காமல் நடந்து வந்து டெல்பர்ட்டின் முன்னால் நின்றாள். அதுவரை அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது, குரல்தான் பழக்கம். அந்தச் சிவப்புக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல இறக்கினாள்.

நடுவர் கண் விழித்தார். டேரியன் எழுந்து நின்றான். இரண்டு வீச்சும் வலையைக்கூட அசைக்காமல் உள்ளே போயின. அந்த முன்னிலையை எங்கள் அணி விடவே இல்லை. அடுத்த வாரம் பெரிய போட்டியில் முப்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் நசுங்கியதும், அந்த நசுங்கலுக்கு ஆறு வருஷம் பணம் வந்ததும், அணி பிழைத்ததும் ஊருக்கே தெரியும்.

தெரியாதது நடுவில் இருந்த அந்த நேரம்தான். சேனல் அதைக் காட்டவில்லை. தெற்கே நடந்த வேறு ஆட்டத்துக்குத் தாவிவிட்டுத் திரும்பியது. அரங்கத்துக் கடிகாரமும் ஓடவில்லை. கை இறங்கியபோதும் அதே மூன்று நாற்பத்தொன்று. டிவியில் வராதது, கடிகாரத்தில் ஏறாதது, நடந்தது என்று எப்படிச் சொல்வது? அரங்கத்தில் இருந்தவர்களே கொஞ்ச நாளில் அதை அரைத்தூக்கத்து ஞாபகம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பாதிப் பேர் செத்தும் போனார்கள்.

டெல்பர்ட் முடித்தார்.

டேரியன் காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "எனக்குத் தெரியல சார்" என்றான். "ஒரு பெரிய பையன் மடியில என் கால் இருக்கும். சுத்தி எல்லாரும் தூங்குவாங்க. தூரத்துல செவப்பா ஒரு மரம். இத்தனை வருஷமா அதை நான் கண்ட கனவுன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

மெர்ல் மேசையைத் தட்டினார். "கனவு. கேட்டியா? சாட்சியே சொல்லியாச்சு. கதையை மூட்டை கட்டு, மாப்ள."

டெல்பர்ட் ரோலைத் தட்டில் வைத்தார். அந்த முகத்தில் முதன்முறையாக மேகம். அன்று அயோவாவுக்கு மேலே எத்தனை விமானம் வழி தவறியதோ.

ஆனால் டேரியன் எழுந்து வந்தான். "கனவோ என்னமோ. நேரத்துக்கு ஆட்டம் தொடங்கியிருந்தா என்னால நின்னுருக்கவே முடியாது. எனக்கு வேலை, வாழ்க்கை எல்லாம் அந்த ரெண்டு வீச்சுலதான் வந்துச்சு. யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாமலே இருந்தேன்." அந்த வலது கையைச் சர்க்கரைப் பிசுபிசுப்போடு பிடித்துக்கொண்டான். பழைய கையுறை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அரங்க வாசலில், டெல்பர்ட்டின் பெயரோடு மாட்டப்போவதாகச் சொன்னான். அணியைக் காப்பாற்றிய கை என்று எழுதலாம் என்றான். கடையே கைதட்டியது. ஆர்லிஸ் அவருக்கு இன்னொரு ரோல் வைத்தாள், காசு வேண்டாமென்று.

மெர்ல் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்துகொண்டே போனது. கண்ணாடிப் பெட்டி என்ற சொல் அவருக்குள் எங்கேயோ மீன்முள்போல மாட்டிக்கொண்டது.

"கையாம் கை" என்றார் கடைசியில். "கை என்ன பண்ணுச்சு? சும்மா மேல நின்னுச்சு. கொடிக்கம்பம் நிக்கலையா?"

"கனவுல நின்னதுக்கு ஏன் மச்சான் கோவப்படற?" என்றார் டெல்பர்ட்.

"கனவா? உனக்குச் சொல்லு வராதபடி அந்த டிவி வண்டி வயரையெல்லாம் அறுத்தது யாருன்னு நெனச்ச? என் தகடுய்யா. வண்டிக்குப் பின்னால பனி தள்ளறப்ப மொத்தக் கட்டும் மாட்டி அறுந்துச்சு. பயத்துல ரிவர்ஸ் எடுத்தேன், தள்ளி வெச்ச பனி பூரா அந்த டிவி வண்டிக் கதவுல போய்ச் சாஞ்சிருச்சு. உள்ள அந்தப் பொண்ணு தட்டறா, வெளிய நான் கையாலயே தோண்டறேன். சேனல்காரன் நஷ்டத்தை என் வீட்டை வித்து வாங்கிருவான்னு இத்தனை வருஷம் வாயைத் திறக்கல. அந்தப் பொண்ணும் என்னைக் காட்டிக்கொடுக்கல, காத்துல அறுந்துச்சுன்னே சொல்லிட்டா, மகராசி." மெர்ல் டேரியனைப் பார்த்து விரலை நீட்டினார். "பெட்டி வெச்சா என் தகட்டையும் சேத்து வைக்கணும். இவன் சொல்றதுல ஒரே ஒரு பொய்தான் இருக்கு. நாப்பது நிமிஷமாம். ஒண்ணேகால் மணி நேரம்யா. அத்தனை பனியைத் தோண்டினவன் நான், எனக்குத் தெரியாதா? நடந்துச்சு. அவ்வளவும் நடந்துச்சு."