மில் முற்றத்தில் முப்பத்தாறு கார்கள்

கமலாசனிக்கு நாற்பத்து மூன்று வயதில் முப்பத்தாறு கார்கள் கிடைத்தன. சொந்தமாக அல்ல, பார்த்துக்கொள்வதற்கு. ஆனாலும் அவற்றைப் பூட்டித் திறக்கும் சாவிகள், முப்பத்தாறு திறப்புகளும், அவளுடைய பிஸ்கட் தகரத்துக்குள்தான் இருந்தன.

முரசுமோட்டையில் கதிர்காமநாதனின் அரிசி மில்லில் அவள் பதினொரு வருடமாக வேலை செய்தாள். நெல் காயப்போடுவாள், அள்ளுவாள், மில்லின் சின்ன லொறியையும் ஓட்டுவாள். ஐந்து வருடம் மூடிக் கிடந்த வாகன இறக்குமதி திறந்ததும் கம்பனிகள் விழுந்தடித்துக்கொண்டு கார்களை இறக்கின. விலையைக் கேட்ட சனம் பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைத்துக்கொண்டது. கிளிநொச்சியில் புதிதாகக் கிளை திறந்திருந்த ஒரு கம்பனிக்குக் கார்களை விடவே இடமில்லாமற் போயிற்று. கார்த்திகை மாதம் மில்லில் நெல் இல்லை. அகலமான சீமெந்து முற்றம் சும்மா கிடந்தது. தைப்பொங்கல் வரைக்கும் நிற்கட்டும் என்று கதிர்காமநாதன் ஒப்புக்கொண்டார்.

கிளையைப் பார்த்துக்கொண்ட அஜந்தன் வவுனியாப் பெடியன். அவன்தான் அவளுக்கு வேலை பழக்கினான்.

"அக்கா, ஓடுற காரை விட நிக்கிற கார்தான் கெதியாப் பழுதாகும். பட்டரி செத்துப்போகும், டயர் ஒருபக்கம் தட்டையாகும், எலி வயரைக் கடிக்கும். கிழமைக்கு ஒருக்கா, ஏழு நாளுக்குள்ள, ஒவ்வொண்டையும் ஸ்ராட் பண்ணி நகர்த்த வேணும்." அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்குமா என்று கமலாசனி முதல் கிழமை முழுவதும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கதவைத் திறந்தால் புதுக் காரின் வாசம். பொத்தானை அழுத்தினால் குளிர்காற்று. ஒன்றில் ஏறி ஒரு முழம் முன்னுக்கு, ஒரு முழம் பின்னுக்கு. பிறகு அடுத்தது. வெயிலில் நெல் துழாவிய கால்கள் குளிரில் விறைத்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கார் ஒவ்வொன்றிலும் வந்தது.

தொல்லை கொடுத்தவை மயில்கள்தான். பக்கத்து வயலிலிருந்து வந்தவை கறுப்புக் கதவுகளில் வேறு மயில்களைக் கண்டு கொத்தத் தொடங்கின. கமலாசனி ஊரெல்லாம் பழைய சேலை சேர்த்து முப்பத்தாறு கார்களுக்கும் கட்டிவிட்டாள். முல்லைத்தீவு பஸ்ஸில் போனவர்கள் மில்லில் ஏதோ கலியாணவீடு என்று எட்டிப் பார்த்தார்கள்.

பொங்கல் வந்து போனது. கார்களை ஏற்ற யாரும் வரவில்லை. மாசி பிறந்ததும் வயல் வெட்டு மும்முரமானது. அதற்குள் பருவம் தப்பிய மழை இரண்டு நாள் அடித்து ஊற்றியது. மூன்றாம் நாள் காலை வெயில் எறித்தபோது, மில் படலைக்கு வெளியே ஈர நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் ரோட்டு வளைவு வரைக்கும் நின்றன. முன்னுக்கு நின்றவர் பிள்ளையார் கோயில் தலைவர் வீரகத்தி.

"பிள்ளை, நெல்லு முளைக்கப்போகுது. உன்ரை சேலை கட்டின பொம்பிளையளுக்கு மேலையோ காயப்போடுறது?"

முதலாளிக்குப் போன் எடுத்தாள். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீட்டில் நின்றார். "நீ பாத்துச் செய்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அஜந்தனுக்கு எடுத்தாள்.

"ஐயோ அக்கா, ஏத்திற லொறி பத்து நாளைக்கு வராது. காரை எங்கையும் கொண்டுபோகேலாது. நம்பர் தகடு இல்லை, ரோட்டில இறக்கினா பொலிஸ் பிடிக்கும்."

"ரோட்டுக்கு ஆர் போறது? வாய்க்கால் கரையால கோயில் வெளிக்குத்தான். அரை மைல் கட்டையும் வராது."

"நகர்த்தேலாது அக்கா."

"தம்பி, கிழமைக்கு ஒருக்கா நகர்த்தச் சொல்லி நீங்கள்தான் எழுதித் தந்தனீங்கள். எவ்வளவு தூரம் எண்டு எழுதேல்லையே."

அஜந்தன், "நான் மத்தியானம் வாறன்" என்றான்.

கார் முப்பத்தாறு, கமலாசனி ஒருத்தி. நெல் கொண்டுவந்தவர்களையே ஓட்டச் சொன்னாள். முப்பது வருடம் உழவு இயந்திரம் ஓட்டிய வீரகத்தி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாவதாக ஏறினார். கார் இரண்டு முழம் போனது. அவருடைய இடக்கால் பழக்கதோஷத்தில் கிளச்சைத் தேடிப்போய் பிரேக்கில் ஓங்கி மிதித்தது. நெற்றி ஸ்ரியரிங்கில் இடித்தது. மறுபடி இரண்டு முழம், மறுபடி இடி.

"இந்தக் காருக்குக் கிளச்சை ஆர் களவெடுத்தது?" என்று இறங்கி வந்து கேட்டார்.

அடுத்தவருக்கும் அதே கதை. அதற்கடுத்தவர் கண்ணாடியில் ஒருபக்கக் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெல் முளைக்கப்போகிற கவலையை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அப்போது விமலேஸ்வரி தன்னுடைய ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். புருஷன் இல்லாமல் இரண்டு ஏக்கர் செய்கிறவள். "கிளச் இல்லையெண்டால் என்ரை ஸ்கூட்டி மாதிரித்தானே. தா பாப்பம்" என்று திறப்பை வாங்கினாள். கார் பூனை நடப்பதுபோல் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவளுடைய ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

கமலாசனிக்குத் தலைக்குள் வெளிச்சமானது. "ஸ்கூட்டி ஓடுற பொம்பிளையள் எல்லாரும் இஞ்சால வாங்கோ" என்று கூப்பிட்டாள். பதினாலு பேர் வந்தார்கள், ஒருத்தி குசினியில் சமைத்த கையைக் கழுவாமலே வந்தாள். ஆண்களுக்கு வேறு வைத்தியம் சொன்னாள்: "இடக்காலைத் தூக்கி சீற்றில மடிச்சு வையுங்கோ. சோறு தின்ன இருக்கிற மாதிரி."

அப்படித்தான் புறப்பட்டார்கள். முன்னுக்குக் கமலாசனி, பின்னால் விமலேஸ்வரி, அதன் பின்னால் பெண்கள், கடைசியில் ஒற்றைக்காலைச் சப்பணம் கட்டிய வீரகத்தியும் ஆட்களும். சேலைகளைக் கழற்ற நேரமில்லாமல் கூரைமேல் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அவை அவிழ்ந்து காற்றில் பறந்தன. ஒருபக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர், மறுபக்கம் வெட்டாத வயல். நடந்து போகிறவர் முந்தக்கூடிய வேகம். யாரோ தண்ணீர் விசிறும் பொத்தானை அழுத்த, அதைப் பார்த்து எல்லோரும் அழுத்தினார்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு எருமைகள் எதிரே வந்து நின்றன. முப்பத்தாறு கோர்ன்களும் ஒன்றாக அலறின. எருமைகள் அசையவில்லை. கார்கள்தான் காத்திருந்தன. அந்தக் காத்திருப்பில் கமலாசனி கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தாள். வாய்க்கால் வளைவில் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலில் மினுங்கிய அந்த வரிசையின் கடைசி அவளுக்குத் தெரியவில்லை. நெஞ்சு திருவிழாவில் ராட்டினம் ஏறினதுபோல் ஒருமுறை மேலே போய் இறங்கியது.

மத்தியானம் அஜந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மில் முற்றம் முழுக்க நெல் விரித்துக் கிடந்தது. கோயில் வெளியில் கார்கள் பாலை மரங்களின் கீழ் நேராக நின்றன. அவன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்தவன் நின்றுவிட்டான்.

"அக்கா, இது என்ன, சீற்றுப் பொலித்தீனில சேத்துக்கால் அடையாளம்? இதிலையும் கிடக்கு. அதிலையும் கிடக்கு."

கமலாசனி விளக்கினாள். விளங்கப்படுத்த வீரகத்தி காலை மடித்து இருந்தே காட்டினார். அஜந்தன் முறைக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. கோயில் படியில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தான். "ஹெட் ஒபிசுக்கு இதை நான் எந்தப் பாசையில எழுதுறது" என்றான்.

நாலாம் நாள் நெல் காய்ந்து சாக்கில் ஏறியது. கார்களைத் திரும்ப மில்லுக்கே கொண்டுவரச் சொல்லி அஜந்தன் அறிவித்தான். காலையில் கமலாசனி திறப்புத் தகரத்தோடு கோயில் வெளிக்குப் போனாள். அங்கே ஐம்பத்தொரு பேர் நின்றார்கள். சேட் அயன் பண்ணிப் போட்டிருந்தார்கள். பக்கத்து ஊரில் இருந்தும் நாலு பேர். நெல்லே விதைக்காத தபால்காரரும் நின்றார். விமலேஸ்வரி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல், ஆர் ஓட்டுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். வீரகத்திக்கு விழவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டு நின்றவரைப் பார்த்து விமலேஸ்வரி பின்கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஏறி இருந்து, கண்ணாடியை இறக்கி, வயலில் நின்றவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே மில் வரைக்கும் போனார்.